சிக் ரூமிலிருந்து புறப்பட்ட கப்பல்

அஸ்தினாபுரம் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலிக்கு ஒரு கால அட்டவணை இருந்தது. திங்கட்கிழமை முதல் பீரியடில் ஒன்றாம் வகுப்புக்கு வரும். விடைத்தாள் கொடுக்கிற நாளில் மூன்றுக்கும் நான்குக்கும் சேர்ந்தாற்போல் வரும். இந்தி டீச்சர் வாய்ப்பாடமாக ஒப்பிக்கச் சொல்கிற வியாழக்கிழமை மத்தியானம் வகுப்புப் பேதமே இல்லை, எல்லாருக்கும் வரும். விளையாட்டு பீரியடில் மட்டும் ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததாகச் சரித்திரமே கிடையாது.

இந்த அட்டவணை முழுக்க சுப்புலட்சுமிக்கு விரல்நுனியில் இருந்தது. அவள் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆயா. மாடிப்படியை ஒட்டி இருந்த சிக் ரூம் அவள் பொறுப்பு. ஒரு இரும்புக் கட்டில், கிழிந்த ரெக்சின் மெத்தை, தைல பாட்டில், ஓமத் தண்ணீர், வாந்தி எடுக்க ஒரு நீல பக்கெட். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. இப்போது, 2009-ல், அந்த அறையைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிட்டார்கள். ஏ.சி. போட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுப்புலட்சுமி பெருக்கப் போகும்போதெல்லாம் அங்கே ஓமம் மணக்கிற மாதிரி இருக்கும். மணக்காது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் ஒருதரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொள்வாள்.

அவள் கோவளத்துக்காரி. அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கம் சந்தைக்கு நடப்பாள், பின்னாலேயே இவளும் சின்னக் கூடையோடு ஓடுவாள். படிப்பு அஞ்சாம் கிளாஸோடு சரி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவாள். குரோம்பேட்டை தோல் ஃபேக்டரியில் வேலை செய்கிறவரைக் கட்டிக்கொண்டு அஸ்தினாபுரத்துக்கு வந்தவள், 2001 ஜூனில் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் காந்திமதி டீச்சர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

“என் தம்பி பாலகுரு கப்பல்ல கீறான் டீச்சர். ஃபாரின் கப்பல்.”

சொன்னபோது அது பொய்யில்லை. நாலு மாசத்தில் பொய்யாகிவிட்டது.

கட்டுமரத்தில் போகிற ஜனத்துக்கு நடுவில் இரும்புக் கப்பலில் ஏறின முதல் ஆள் பாலகுரு. ஊரே மேளம் வைத்து, மாலை போட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வழியனுப்பியது. பத்து வயசிலிருந்து கடலுக்குப் போனவன்தான். ஆனால் கட்டுமரத்தில் அலை வருவது கண்ணுக்குத் தெரியும், உடம்பு தயாராகிவிடும். கப்பலின் அடித்தட்டில், சமையல்கட்டில், வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பம்பாயை விட்டுப் புறப்பட்ட அன்று ஆரம்பித்த வாந்தி ஓயவே இல்லை. நாலாம் மாசம் ஏதோ ஒரு துறைமுகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி, ஆள் வாடின கத்தரிக்காயாக வந்து சேர்ந்தான். ஊருக்குப் போகவில்லை. மேளம் வைத்து அனுப்பினவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நேரே அக்கா வீட்டுக்கு வந்தான், தெருக்கோடியில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டான், தண்ணி லாரி ஓட்டப் போனான். கோவளத்தைப் பொறுத்தவரை அவன் இன்னும் கப்பலில்தான் இருந்தான். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரையும் அப்படியே.

இதில் வேடிக்கை என்னவென்றால், கப்பலில் இருக்கிற அந்தத் தம்பி வாரத்துக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கே வருவான். 2003-ல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கேளம்பாக்கம் பக்கத்து வயல்கிணறுகளில் தண்ணி பிடித்துவந்து அவன்தான் பள்ளிக்கூடத்துத் தொட்டியை நிரப்புவான். குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு லாரி நிழலில் நிற்பான். “ஆயாம்மா, கொஞ்சம் குடிக்கத் தண்ணி” என்று யாரோ எவரோ மாதிரி கேட்பான். ஒரு லாரித் தண்ணியைக் கொண்டுவந்தவன் ஒரு டம்ளர் தண்ணி கேட்கிறானே என்று வாட்ச்மேன் சாம்பசிவம் கூடச் சந்தேகப்பட்டதில்லை. இவளும், “இந்தாங்க டிரைவர்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டுவாள்.

சிக் ரூமுக்கு ஒரு உலகப்படம் வந்த கதைக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஸ்டாஃப் ரூமுக்கு வெள்ளையடித்தபோது தூக்கிப் போட்ட படம் அது. வலதுபக்கக் கீழ்மூலையைக் கரையான் தின்றுவிட்டதால் நியூசிலாந்து கிடையாது. சிக் ரூம் சுவரில் ஓதம் ஏறி ஒரு திட்டு விழுந்திருந்தது. அதை மறைக்க, கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்பு மகேஷ் அந்தக் கட்டிலில் சுருண்டுகொண்டு அழுதான். ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, தைலம் தடவியாயிற்று, அழுகை நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் சுப்புலட்சுமி சொன்னாள், என் தம்பி கப்பல் இப்போ டர்பன்ல நிக்குதாம், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அது எங்க கீதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்று. மகேஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனான். அமெரிக்காவில் ஆரம்பித்து ரஷ்யா முழுக்கத் தேடினான். கடைசியில் ஆப்பிரிக்காவின் காலடியில் கண்டுபிடித்தபோது மணி அடித்து, அடுத்த பீரியடும் பாதி போயிருந்தது. வயிறு எங்கே வலித்தது என்று அவனுக்கே மறந்துவிட்டது. அங்கே என்ன சாப்பிடுவாங்க ஆயா என்று கேட்டான். எனக்கு இன்னா தெரியும், உங்க டீச்சரைக் கேட்டுனு வந்து எனக்குச் சொல்லு என்றாள்.

மறுநாள் அவன் வயிற்றுவலி இல்லாமலே வந்தான். டர்பனில் நம்ம தமிழ் ஆட்கள் இருக்காங்களாம், முருகன் கோயில்கூட இருக்காம் என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அதிலிருந்து தொற்றிக்கொண்டது. கப்பல் இன்னிக்கு எங்கே ஆயா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே இப்போ மணி எத்தனை, அங்கே பனி பெய்யுமா, அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேள்விமேல் கேள்வி. ஒன்றுக்கும் அவள் பதில் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு? பிள்ளைகள் டீச்சர்களைக் குடைந்தார்கள். டீச்சர்கள், பூட்டியே கிடந்த லைப்ரரி அலமாரியைத் திறந்தார்கள். ஊர்ப் பெயருக்கு மட்டும் அவள் தம்பியை நம்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறவன் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே, “இந்த வாரம் எந்த ஊர்க்கா வேணும்?” என்பான். கூட வேலை செய்தவர்கள் வாயில் கேட்ட துறைமுகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான். அவன் கண்ணால் பார்த்தது இரண்டோ மூன்றோதான். அதுவும் பக்கெட்டுக்கு மேலாக.

அந்த வறட்சி வருஷம்தான் அஃப்ஷான் வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அப்பா பாட்சா பெருங்களத்தூரில் பைப்பும் பெயிண்டும் விற்கிற கடை வைத்திருந்தார். புது அபார்ட்மெண்ட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம், கடையைவிட்டு நகர முடியாத வியாபாரம். அஃப்ஷான் ஆம்பூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்துவிட்டு அப்போதுதான் அம்மா அப்பாவிடம் வந்திருந்தாள். வந்த இரண்டாம் வாரம் கணக்கு சார் பெருக்கல் கேட்டார். தப்பாகச் சொன்னவர்களை பெஞ்சுமேல் ஏற்றுவது அவர் வழக்கம். ஏறி நின்ற அஃப்ஷான் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள். வகுப்பு சிரித்தது.

அதற்கப்புறம் தினமும் மூன்றாம் பீரியடு, கணக்கு, மணி அடித்தால் அவளுக்கு வயிறு வலிக்கும். மற்றப் பிள்ளைகளின் வலி மாதிரி இல்லை இது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்த்து, கை சில்லிட்டுப் போகும். பொய் வலியை ஆயிரம் பார்த்த சுப்புலட்சுமிக்கு மெய் வலி தெரியும். அம்மா ஷபீனா குரோம்பேட்டையில் இரண்டு டாக்டரிடம் காட்டினாள், ஒன்றும் இல்லை என்றார்கள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையை எழுதாவிட்டால் நாலாம் வகுப்புக்கு இறக்கிவிடுவேன் என்று காந்திமதி டீச்சர் சொல்லிவிட்டார். இறக்கினால் டி.சி. வாங்கி மறுபடி ஆம்பூருக்கே அனுப்பிவிடுகிறேன் என்று பாட்சா சொல்லிவிட்டார். பாவம் அந்தப் பிள்ளை, அம்மாவோடு இருப்பதற்காக ஆறு வருஷம் காத்திருந்து வந்தவள்.

சிக் ரூமில் அவள் பேசவே மாட்டாள். கட்டிலில் உட்கார்ந்து படத்தையே பார்ப்பாள். ஊரைச் சொன்னால் தேடுவாள், விரல் வைத்துக் காட்டுவாள், அவ்வளவுதான். ஒருநாள் திடீரென்று கேட்டாள், கப்பல் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் என்று. ஞாயிற்றுக்கிழமை பாலகுரு யோசித்துச் சொன்னான், சரக்குக் கப்பல், சுமாரா அறுநூறு கிலோமீட்டர் வெச்சுக்க. திங்கட்கிழமை அதைச் சொன்னதும் அஃப்ஷான் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு சுப்புலட்சுமியின் முந்தானை ஓரத்தில் தொங்கிய நூலைக் காட்டி, இதை எடுத்துக்கட்டுமா ஆயா என்றாள்.

அது எதற்கு என்று சுப்புலட்சுமிக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நூல்தானே, எடுத்துக்கோ என்று விட்டுவிட்டாள்.

டிசம்பர் மாசம், பரீட்சைக்கு முந்தின வாரம். வெள்ளிக்கிழமை கப்பல் டர்பனில் இருந்தது. அடுத்த புதன்கிழமை வாய்க்கு வந்தபடி, ஒசாகா போயிட்டான் என்று சொல்லிவிட்டாள். அஃப்ஷான் எழுந்தாள். நூலின் ஒரு நுனியை டர்பனில் வைத்தாள். கடலுக்குக் குறுக்கே இழுத்து, மலேசியாவை ஒட்டி வளைத்து, மேலே ஏற்றி, ஒசாகாவில் நிறுத்தினாள். கப்பல் தரைமேல ஏறாது இல்ல, அதான் வளைச்சு அளக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து செண்டிமீட்டர். படத்தின் அடியில் ஒரு செண்டிமீட்டருக்கு நானூறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. நோட்டில் பெருக்கினாள், வகுத்தாள். சுப்புலட்சுமி தைல பாட்டிலைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்திருந்தாள். மூன்றாம் பீரியடு நடந்துகொண்டிருந்தது.

“இருபத்து மூணு நாள் ஆகும் ஆயா. அஞ்சு நாள்ல போகாது. போன மாசமும் இப்படித்தான், எட்டு நாள் தப்பா இருந்துச்சு.” பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. “உங்க தம்பி கப்பல்ல இல்லை. நீங்க பொய் சொல்றீங்க.”

சுப்புலட்சுமிக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதிலும் உண்மையைச் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். “பெரியவங்கள பொய் சொல்றன்னு சொல்லுவியா நீ? கணக்குக்குப் பயந்துகினு இங்க வந்து ஒளிஞ்சிக்கிற, நீ என் கப்பல அளக்கிறியா? போ கிளாஸுக்கு” என்று கத்தினாள். அஃப்ஷான் நூலைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். போனபிறகுதான் சுப்புலட்சுமிக்கு உறைத்தது. கணக்கு என்றால் வாந்தி எடுக்கிற பிள்ளை, யாரும் கேட்காமல், யாரும் பெஞ்சில் ஏற்றாமல், ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போட்டுக் கப்பலைப் பிடித்திருக்கிறது. அதை இவள் திட்டி அனுப்பியிருக்கிறாள்.

வியாழக்கிழமை அஃப்ஷான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சாயங்காலம் ஷபீனா வந்து காந்திமதி டீச்சர் அறையில் உட்கார்ந்து அழுதாள். டீ கொண்டுபோன சுப்புலட்சுமி காதில் விழுந்தது இதுதான்: பரீட்சைக்கு வரவே மாட்டேங்கறா டீச்சர், முன்னயாவது அந்த ரூமுக்குப் போறதுக்காக வருவா, இப்போ அங்கயும் போக மாட்டாளாம், அவங்கப்பா திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன்னு சொல்லிட்டாரு.

சனிக்கிழமை காலையில் அவள் பாலகுருவின் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். எங்கேக்கா என்றான். போகிற வழியில் சொன்னாள். அவன் பிரேக் போட்டு நிறுத்திவிட்டான். ரெண்டு வருஷமா பெத்த அம்மாவுக்கே தெரியாத சேதி, ஒரு ஸ்கூல் பொண்ணுகிட்ட சொல்லணுமா என்றான். ஆமா என்றாள். அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான்.

அஃப்ஷானின் தெருவுக்குள் லாரி நுழைந்ததும் ஒரு தப்பு நடந்தது. தண்ணி லாரியைப் பார்த்து எட்டு நாளான தெரு அது. வீட்டுக்கு வீடு குடத்தோடு பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். இது வேற வூட்டு லோடும்மா என்று பாலகுரு சொல்லிப் பார்த்தான். யார் கேட்கிறார்கள்? குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் களேபரத்தைப் பார்க்கத்தான் அஃப்ஷானும் வாசலுக்கு வந்தாள். சுப்புலட்சுமி அவளைக் கையைப் பிடித்து லாரியின் முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“நீ சொன்னது சரி. நான்தான் பொய் சொன்னேன். இவன்தான் என் தம்பி. இதான் கப்பல்.”

அஃப்ஷான் லாரியைப் பார்த்தாள், பாலகுருவைப் பார்த்தாள். ஸ்கூலுக்குத் தண்ணி கொண்டுவர்ற அண்ணா என்றாள். ஆமாம்மா என்றான். தலையைக் குனிந்துகொண்டு, கப்பலில் ஏறினதையும் வாந்தி எடுத்ததையும் இறங்கினதையும் சொன்னான். கடல்கரையில பொறந்துட்டு கடல் ஒத்துக்கலன்னு எப்படிம்மா ஊர்ல போய்ச் சொல்றது, சிரிப்பாங்க இல்ல என்றான். சிரிப்பாங்க என்று அவளும் தலையாட்டினாள். அதில் அவளுக்கு அனுபவம் இருந்தது.

“அப்புறம் வாந்தி நின்னுச்சா அண்ணா?”

குடங்களின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு நிக்கலம்மா. நான் எறங்கிட்டேன். என்கூட இன்னொரு பையன் ஏறினான், அவனும் என்ன மாதிரியேதான் எடுத்துகினு இருந்தான். வாந்தி எடுப்பான், வாயக் கழுவிகினு போய் வேலயப் பார்ப்பான். அவனுக்கு நின்னுபோச்சு. இப்ப எந்த ஊர்ல கீறானோ.”

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கக் கூடாது என்று சுப்புலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது மடியிலிருந்து அந்த நூலை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பரீட்சை. அஃப்ஷான் வந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கக்கூட சுப்புலட்சுமிக்குத் தைரியம் வரவில்லை. ஓமத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு வராந்தாவில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அஃப்ஷான் உள்ளே வந்தாள். நேராக நீல பக்கெட்டிடம் போய்க் குனிந்தாள். சுப்புலட்சுமி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பாவாடையில் படாமல் ஒதுக்கிவிட்டாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் படுத்துக்கோம்மா என்று சொல்ல வாய் வந்தது. இரண்டரை வருஷமாக எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அதை விழுங்கினாள்.

அஃப்ஷான் ஓமத் தண்ணீரைக் குடித்தாள். எதிரே இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மணி எவ்வளவு ஆயா?”

“பத்தே முக்கால் ஆவப்போது.”

“இன்னும் நாலு கணக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சுப்புலட்சுமி வாசல்வரை வந்து நின்றாள். அந்தப் பிள்ளையின் முதுகு வராந்தா முழுக்க நடந்து வகுப்புக்குள் திரும்புகிறவரைக்கும் பார்த்தாள். வேறு எந்தப் பிள்ளையையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அவள் கேட்டுக்குப் போனபோது வெளியே தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லோடு கிடையாது. சாம்பசிவம் பக்கத்தில் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் பாலகுரு கேட்டான், “இன்னாக்கா, எறங்கிட்டாளா?”

“எறங்கல தம்பி. வாந்தி எடுத்துட்டு மறுபடி ஏறிட்டா.”

சாம்பசிவம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேலை போய்விடும் என்று சுப்புலட்சுமி நினைத்தாள். காந்திமதி டீச்சர் கூப்பிட்டனுப்பி, ரெண்டு வருஷமாகவா என்று கேட்டார், சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார், கடைசியில் ஒரு பழைய அட்லஸைக் கொடுத்து அனுப்பினார். அதில் நியூசிலாந்து இருந்தது. அஃப்ஷான் நாற்பத்தொரு மார்க் வாங்கி ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தாள். பிள்ளைகளுக்குப் பொய்யைப் பற்றிக் கவலையே இல்லை. கப்பல் இல்லையென்றால் நாமே ஓட்டுவோம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு கிலோமீட்டர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எந்த ஊர் எத்தனை நாள் என்று அஃப்ஷான்தான் கணக்குப் போட்டுச் சொல்வாள். சில நாள் வெளுத்த முகத்தோடு வருவாள், பக்கெட்டைத் தேடுவாள், வாயைக் கழுவிக்கொண்டு போவாள். போகப் போக அதுவும் குறைந்தது. உலகத்தில் பாதி ஊர் பெயர் சுப்புலட்சுமிக்கு அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

பரீட்சை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு அவள் மத்தியானம் மூன்று மணிவரைக்கும் தம்பிக்காகக் காத்திருந்தாள். அவன் சாப்பிட வரவில்லை. காலையிலேயே குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கோவளம் பஸ் ஏறிவிட்டான் என்று அவன் ரூமுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.